பாட்டனாருக்கு மேலே யார்? பழைய பதிவேடுகளில் நம் குடும்பங்களைத் தேடுவோம்

(நம் அறக்கட்டளையின் குடும்பங்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி. வாப்பாவின் பெயர் தெரியும். வாப்பாவின் வாப்பா பெயரும் தெரியும். அவருடைய வாப்பா பெயர்? பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுவோம். சரி, வாப்பாவின் உம்மாவுக்கு உம்மா பெயர் என்ன? இந்தக் கேள்விக்குக் கை தூக்குபவர்கள் மிகச் சிலர்தான். அவர்களிலும் பலர் "கண்ணுமா என்றுதான் கூப்பிடுவோம், சொந்தப் பெயர் தெரியாது" என்பார்கள். நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்களின் பெயரே மூன்று தலைமுறைக்குள் நம் வீட்டிலிருந்து போய்விடுகிறது.

இது நினைவு பற்றிய பேச்சு மட்டுமே என்றால் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டோம். அறக்கட்டளையின் வேலையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது: சொத்துப் பங்கு பிரிக்க முடியாமல் நிற்கும் குடும்பம், வாரிசுச் சான்று கேட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் பெண், பிறந்த தேதி ஆதாரில் ஒன்றாகவும் பள்ளிச் சான்றில் வேறாகவும் இருப்பதால் பாஸ்போர்ட் எடுக்க முடியாத பிள்ளை. ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு பழைய பதிவு இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டிய ஒரு பதிவு இல்லாமல் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உறவுகளைச் சேர்ந்து வாழத் தேவையான அளவுக்கு உங்கள் வம்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. ரத்த உறவு, பால்குடி உறவு, திருமண உறவு என்று யாரை மணமுடிக்கக் கூடாது என்பதை அந்நிஸா அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. உறவு தெரியாவிட்டால் அந்த எல்லையை எப்படிக் காப்பது? பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது அல்அஹ்ஸாப் அத்தியாயம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது அல்பகரா. எழுதிவைப்பது நமக்குப் புதிய பழக்கம் ஒன்றுமில்லை.

அதே மார்க்கம் குலப்பெருமையை வேரோடு அறுக்கவும் செய்தது. குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகத்தான். அல்லாஹ்விடம் கண்ணியம் இறையச்சத்தைப் பொறுத்தது என்று அல்ஹுஜுராத் கற்பிக்கிறது. ஆகவே, எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள், உங்கள் முன்னோர் இன்னார் என்று பேசுவதற்காக இந்தத் தேடலில் இறங்க வேண்டாம். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, தரகனார் என்று எந்தப் பட்டம் தாளில் இருந்தாலும், நமக்கு வேண்டியது அந்தப் பெயருக்குரிய மனிதர் யாருக்குப் பிள்ளை, யாருக்குப் பெற்றவர் என்பதுதான்.

ஒரு தேதி எவ்வளவு பெறும்?

ஒரு கணக்குச் சொல்கிறோம். தகப்பனார் ஒருவர் மவுத்தாகிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். கடன், வசிய்யத் எல்லாம் போக 32 லட்சம் மதிப்புள்ள சொத்து மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நம் ஊர்களில் பங்கு உடனே பிரிப்பதில்லை. உம்மா இருக்கும் வரை பேச வேண்டாம் என்று இருபது, முப்பது வருடம் ஓடிவிடும். அதற்குள் மூத்த மகளும் போய்விடுகிறார். அவருடைய பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

இங்கேதான் தேதி வருகிறது. அந்த மகள் தகப்பனாருக்குப் பின் மவுத்தாகியிருந்தால், அவருடைய 7 லட்சம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் சேர்ந்துவிட்டது. அதில் கணவருக்கு நாலில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மீதி அவர் பிள்ளைகளுக்கு. தகப்பனாருக்கு முன்பே மவுத்தாகியிருந்தால், மகன் உயிரோடு இருப்பதால் அந்தப் பேரப்பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். பாட்டனார் வசிய்யத் எழுதியிருந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைக்கும். ஆக, இரண்டு மவுத்துகளில் எது முந்தியது என்ற ஒரே கேள்வியில் தாயில்லாப் பிள்ளைகளின் பங்கு நிற்கிறது.

அதற்குச் சாட்சி சொல்ல அப்போது இருந்தவர்கள் இன்று இல்லை. "பெரிய மழைக்கு முந்தின வருஷம்" என்பார் ஒருவர். "இல்லை, நோன்புக்கு அப்புறம்" என்பார் இன்னொருவர். இறப்புப் பதிவேட்டின் ஒரு வரி இந்தச் சண்டையை ஒரு நிமிடத்தில் முடித்துவைக்கும். அனாதையின் பொருளில் கைவைப்பதை அல்லாஹ் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறான் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே செய்பவர் சிலர்; பதிவு இல்லாததால் தெரியாமலேயே செய்துவிடுகிறவர்கள் பலர்.

தேடலை எங்கே தொடங்குவது?

வீட்டில் தொடங்குங்கள். வயதில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "உங்கள் வாப்பா எப்போது பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் கல்யாணத்தின்போது வாப்பா இருந்தார்களா? மூத்த பிள்ளை எங்கே பிறந்தது? பெரியவாப்பா எந்த ஊர் சபரில் இருந்தார்கள்?" என்று கேட்டால் வரும். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு.

பிறகு அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய குர்ஆன் முஸ்ஹஃபின் கடைசித் தாளில் பிள்ளைகள் பிறந்த நாளை எழுதிவைத்த வீடுகள் உண்டு. கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, காலாவதியான பாஸ்போர்ட், சபரிலிருந்து வந்த கடிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஆவணம்தான். சில கடிதங்களும் குறிப்புகளும் அரபுத்தமிழில் இருக்கும். தமிழை அரபு எழுத்தில் எழுதியவை. ஓத முடிகிறது, பொருள் விளங்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெதுவாக வாய்விட்டு வாசித்தால் அது உங்கள் பாட்டியின் தமிழ்.

நிகாஹ் தஃப்தர் சொல்லும் செய்திகள்

நம் குடும்பங்களுக்குக் கிடைக்கும் ஆவணங்களில் மிகவும் பயனுள்ளது பள்ளிவாசல் நிகாஹ் பதிவேடு. மாப்பிள்ளை, மணமகள், இருவரின் தகப்பனார், வலி, வக்கீல், இரண்டு சாட்சிகள், மஹர், தேதி, இடம் என்று ஒரே பக்கத்தில் ஆறேழு பேருடைய பெயர் கிடைக்கும்.

அதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வலி என்ற இடத்தில் தகப்பனார் பெயர் இல்லாமல் அண்ணன் பெயரோ, தகப்பனாரின் தகப்பனார் பெயரோ இருந்தால், அநேகமாகத் தகப்பனார் அதற்கு முன்பே மவுத்தாகியிருப்பார். தகப்பனார் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. அந்த நிகாஹ் தேதிக்கு முந்தியது அவருடைய மவுத். மூத்த மகளின் நிகாஹில் வலியாக நின்றவர், இளைய மகளின் நிகாஹில் மர்ஹூம் ஆகியிருந்தால், இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் அவர் இறந்தார். இறப்புப் பதிவேட்டை எந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்பது இப்படித் தெரிந்துவிடும். சாட்சிகளின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் தாய்மாமனாகவோ சிறிய வாப்பாவாகவோ இருப்பார்கள்.

இந்தப் பதிவேடுகளுக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் சென்னை மாகாணத்தில்தான். காஜியை அரசு நியமிக்கலாம் என்றது அந்தச் சட்டம். நிகாஹுக்குக் காஜி வந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே சில ஊர்களில் பதிவு காஜியிடம் இருக்கும், சில ஊர்களில் ஜமாஅத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு எல்லா மதத்தவரின் திருமணங்களையும் அரசிடமும் பதிவது கட்டாயம். அதற்கு முந்திய பெரும்பாலான நிகாஹ்களுக்கு ஜமாஅத் தஃப்தரே ஆதாரம்.

நிகாஹ் எந்த ஊர்ப் பள்ளியில் பதிவானது என்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமாகப் பெண் வீட்டு ஊரில் பதிவாகியிருக்கும்.

தேதிகளைப் படிப்பது

பழைய தஃப்தரில் ஹிஜ்ரி தேதி மட்டும் இருக்கலாம். சிலவற்றில் தமிழ் வருடமும் மாதமும் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டுகள். ஆகவே ஹிஜ்ரிக் கணக்கில் 80 வயது என்று எழுதப்பட்டவருக்கு ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ எழுபத்தேழரைதான்.

ஓர் உதாரணம்: ஹிஜ்ரி 1340 ரஜப் மாதம், துன்மதி வருடம் மாசி மாதம் என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 1340 முஹர்ரம் 1921 செப்டம்பர் தொடக்கத்தில் பிறந்தது. அதன்படி ரஜப் 1922 பிப்ரவரி கடைசியில் தொடங்குகிறது. துன்மதி வருடம் 1921 சித்திரை முதல் 1922 பங்குனி வரை. அதன் மாசி, மார்ச் மாதம் பாதிக்கு முன் முடிந்துவிடும். இரண்டும் ஒன்றாக வருவது பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வாரம்தான். பிறை பார்த்ததில் ஒன்றிரண்டு நாள் முன்பின் வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எண்களும் ஏமாற்றும். பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள் இருக்கும். ஒன்று 'க' போலவும், இரண்டு 'உ' போலவும், ஏழு 'எ' போலவும், எட்டு 'அ' போலவும் தெரியும். எழுத்து என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அரசுப் பதிவேடுகளில் தேடுவது

சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது. கிராமங்களில் கிராம முன்சீப்புகள் எழுதினார்கள். இன்று நாடு முழுவதற்கும் உள்ளது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதன் 17ஆவது பிரிவின்படி, கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லவும், பதிவின் நகலைப் பெறவும் யாருக்கும் வழி இருக்கிறது. இறப்பின் நகலில் இறப்புக்கான காரணம் மட்டும் இருக்காது. அதை வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது.

தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில்தான். முப்பது வருடத்தைத் தேடச் சொன்னால் பணமும் போகும், தேடுபவருக்குப் பொறுமையும் போகும். வீட்டுத் தாள்களையும் தஃப்தரையும் வைத்து இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருக்கிக்கொண்டு போங்கள்.

எந்த அலுவலகம் என்பதில்தான் நம் மக்கள் அதிகம் அலைகிறார்கள். சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். குடியிருந்த ஊரில் இருக்காது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பு உம்மாவின் ஊரில் பதிவாகியிருக்கும். தஞ்சாவூர், மதுரை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் மவுத்தானால், மையத்தை நம் ஊரில் அடக்கியிருந்தாலும் பதிவு அந்த நகரத்தில்தான். கிராமம் என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பழைய ஏடுகள் அங்கே இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு.

பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் இருப்பது சாதாரணம். பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் வந்தது அது. தகப்பனார் பெயரையும் தேதியையும் தெருவையும் வைத்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கே எழுத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு தாமதப் பதிவுக்கு அது தேவைப்படும். பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியின் ஆணை இல்லாமல் பதிய முடியாது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே நம் பேரப்பிள்ளைகளின் பதிவில் ஒரு எழுத்தும் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டையும் மறக்காதீர்கள். தகப்பனார் பெயர், தொழில், முகவரி கிடைக்கும். ஆனால் அதிலுள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். வயது நிறைய வேண்டும் என்பதற்காக மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை ஆசிரியரே போட்டுக்கொண்ட காலம் அது.

பெயர்கள் படுத்தும் பாடு

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயர் தலைப்பெழுத்தாகிறது, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர். எழுத்தும் ஒன்றாக இராது. ஷேக் அப்துல் காதர் என்பவர் ஒரு தாளில் சேகப்துல் காதிர், இன்னொன்றில் சேக்காதர், மூன்றாவதில் வெறும் காதர். ஃபாத்திமா என்பவர் பாத்திமா பீவி, பாத்துமுத்து, பாத்தும்மாள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். பெயரை மட்டும் வைத்து இவர் அவரே என்று முடிவு கட்டாதீர்கள். தகப்பனார் பெயர், தெரு, தொழில், மனைவி பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது பொருந்த வேண்டும். நம் வீடுகளுக்கு வழங்கும் வீட்டுப் பெயர்கள், வகையறாப் பெயர்கள் இங்கே பெரிய உதவி. அவற்றையும் எழுதிவையுங்கள்.

பெண்களின் பெயர் எங்கே?

தாய்மார்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். நம் குடும்பங்கள் வரையும் வம்சாவளிப் படங்களைப் பாருங்கள். மகன், மகனின் மகன் என்று கீழே இறங்கும். மகள்கள் இருந்த இடத்தில் "3 பெண்கள்" என்று ஓர் எண் இருக்கும். படத்தில் எண்ணாகிப்போனவர் பத்திரத்திலும் காணாமல் போகிறார். வாரிசுப் பட்டியல் எழுதும்போது அண்ணன் தம்பிகள் பெயர் வருகிறது. கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்ட தங்கையின் பெயர் விடுபடுகிறது. "அவளுக்குச் சீர் செய்தாயிற்று" என்று ஒரு பேச்சு. சீர் வேறு, ஃபர்ளான பங்கு வேறு. பெண்ணின் பங்கைக் குர்ஆனே நிர்ணயித்திருக்கிறது. அதை விடுவதா கொடுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை அண்ணனுக்கு இல்லை. வேண்டாம் என்று அவள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதற்கும் முதலில் அவள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

பெண்களைத் தேட நல்ல இடம் பத்திரப் பதிவு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வீட்டை மகளுக்குக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கேயே இருத்தும் வழக்கம் இருப்பதால், வீட்டுப் பத்திரம் உம்மா, மகள், பேத்தி என்று பெண் வழியிலேயே இறங்கும். அந்த ஊர்களில் பாட்டியின் பாட்டி பெயர் வேறெங்கும் கிடைக்காமல் பத்திரத்தில் கிடைக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டு, அதில் வரும் பழைய ஆவண எண்ணைக் கொண்டு நகல் எடுக்கலாம்.

மையவாடியும் கடல் கடந்த ஊர்களும்

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பல நூற்றாண்டுக்கு முந்திய கல்வெட்டுள்ள கபர்கள் உண்டு. ஆனால் நம் பெரும்பாலான மையவாடிகளில் பெயர் எழுதுவதில்லை. மீஸான் கல்லோ ஒரு செடியோதான் அடையாளம். காலம் போனதும் அதே இடத்தில் இன்னொரு மையத்து அடக்கமாகும். அது தவறென்று சொல்லவில்லை. அதனால்தான் ஜமாஅத்தின் மையத்துப் பதிவேடு நமக்கு அவ்வளவு முக்கியம் என்கிறோம்.

சபர் போன குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் என்று நம்மவர் போகாத துறைமுகம் இல்லை. ரஜூலா கப்பலில் போய் வந்ததைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம்களின் திருமணப் பதிவுக்கென்றே 1880இல் ஒரு சட்டம் வந்தது. இலங்கையிலும் முஸ்லிம் திருமணப் பதிவுக்குத் தனிச் சட்டம் உண்டு. இன்று நடப்பது 1951ஆம் ஆண்டின் சட்டம். அங்கே நிகாஹ் முடித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மவுத்தானவர்களின் பதிவுகள் அங்கேதான் இருக்கும். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே வந்தவர்கள் தாளையும் உடமையையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இங்கே பெரியவர்கள் வாயால் சொல்வதே ஆவணம். அவர்களிடம் கேட்பதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

கிடைப்பதையெல்லாம் சொல்லலாமா?

தேடினால் விரும்பாததும் கிடைக்கும். யாருக்கும் சொல்லாத முதல் நிகாஹ், தலாக், எடுத்து வளர்த்த பிள்ளை, அடைக்காத கடன். மறைந்தவர்களின் குறையை மறைப்பது நம் கடமை. சுவாரசியமாக இருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், உயிரோடு இருக்கும் ஒருவர் தலைகுனிவார். யாருக்காவது அதில் உரிமை இருந்தால், பங்கோ, கடனோ, பால்குடி உறவோ இருந்தால், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். உரிமையை மறைப்பது சதர் ஆகாது. வெறும் குறையை அம்பலப்படுத்துவது நீதியும் ஆகாது.

இன்னொன்று: பழைய பதிவில் பிழை இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். திருத்தம் சட்டப்படி பதிவாளரிடம் மனுக் கொடுத்துச் செய்ய வேண்டியது. அடித்துத் திருத்திய தாளை எந்த அலுவலகமும் நம்பாது.

இனி செய்ய வேண்டியது

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் நான்கு தலைமுறைக்கு ஒரு தாள். நீங்கள், உங்கள் பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், அவர்களின் பெற்றோர் எண்மர். ஒவ்வொருவருக்கும் பெயர், அழைத்த பெயர், பிறந்த ஊர், நிகாஹ், மவுத், அடக்கம், உடன்பிறந்தார். மகள்களின் பெயர் எழுதாத தாளை முடிந்த தாளாக எண்ண வேண்டாம். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். எது தாளில் கண்டது, எது யார் சொன்னது என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

இரண்டாவது, பழைய தாள்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது, தாளும் கெட்டுவிடும். ஈரமில்லாத இடத்தில் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

மூன்றாவது, ஜமாஅத் நிர்வாகிகளிடம் எங்கள் வேண்டுகோள். நிகாஹ் தஃப்தர்களும் மையத்துப் பதிவேடுகளும் கரையானுக்கும் மழைக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. ஒரு தஃப்தர் போனால் அந்த ஊரின் ஐம்பது வருடம் போகிறது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுக்க நம் அறக்கட்டளையின் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். ஏடு பள்ளிவாசலை விட்டு வெளியே போகாது. படம் ஜமாஅத்திடமே இருக்கும். யாருக்கு எந்தப் பக்கம் காட்டுவது என்பதையும் ஜமாஅத்தே முடிவு செய்யும்.

நான்காவது, உங்கள் வீட்டில் பிரிக்காத சொத்து இருந்தால், அது சிறியதாக இருந்தாலும், வாரிசுகளின் பட்டியலையும் மவுத் தேதிகளையும் இப்போதே எழுதிவிடுங்கள். பங்கைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். சாட்சி சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பட்டியல் எழுதப்பட வேண்டும்.

நம் முன்னோருக்காகத் துஆ செய்கிறோம். அவர்கள் பெயரால் ஸதகா செய்கிறோம். அவர்கள் விட்டுப்போன உரிமைகளை உரியவர்களிடம் சேர்ப்பதும் அவர்களுக்குச் செய்யும் நன்மைதான். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லித் துஆ கேட்கலாம். பெயர் கிடைக்காதவர்களையும் அல்லாஹ் அறிவான். அவனுடைய பதிவேட்டில் ஒரு பெயரும் விடுபடாது.

அவர்கள் அனைவரின் கபர்களையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக. யாருடைய பங்கும் நம் கையில் தங்கிவிடாமல் நம்மைக் காப்பானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.